பளபளா கழுவிய காந்தம்

புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் பளபளாவைவிடச் சுத்தமாகக் கழுவத் தெரிந்தவர் யாரும் கிடையாது. மழையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் நான் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். ஸ்கேனில் ரத்தக் குழாய் வெள்ளையாகத் தெரிவதற்காக ஊசி போடுவார்கள் இல்லையா, அந்த மருந்துக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களைச் செய்து, உடம்பு முரண்டு பிடிக்காமல் ஏற்றுக்கொள்ளப் பிசின் பூசுவது எங்கள் வேலை. அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர் பளபளா. ஏம்பலத்துக்காரர், என் வயதுதான். நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

கழுவிய குடுவையைக் கவிழ்த்துப் பிடிப்பார். தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். ஒரு சொட்டு ஒட்டி நின்றாலும் மறுபடி முதலிலிருந்து. கேன்டீன் கிளாசில் டீ குடிக்க மாட்டார். பையில் சொந்த டம்ளர் இருக்கும். கரியமாணிக்கத்தில் நடந்த தன் தங்கை கல்யாணத்தில், பந்திக்கு வைத்த டம்ளர்களை வாரிக்கொண்டு போய்க் கழுவ உட்கார்ந்துவிட்டார். பாயசம் ஊற்ற டம்ளர் வந்து சேர்ந்தபோது பாதிப் பேர் கை கழுவியிருந்தார்கள்.

"வீட்லயும் பாத்திரம் நீங்கதானா?" என்று கேட்டேன்.

"எங்க சார்! சிங்க் பக்கம் போனாவே வூட்ல வெரட்டுறா. ஒரு சட்டி கழுவறதுக்குள்ள டேங்கு காலியாவுதாம்."

நான் சிரித்தேன். அந்த இளக்காரம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே ஒரு மணி நேரம் ஸ்கேன் எந்திரம் தர ஒரு மருத்துவமனையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். படத்தில் எங்கள் தங்கம் தெரியாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா, என் வேலைக்கும் சேர்த்து. வெள்ளிக்கிழமை பளபளா கரும்பு வெட்டுக்கு லீவு. கழுவுவது என்ன பெரிய வித்தையா என்று குடுவையை நானே கழுவினேன். அதில் கொதிக்கிற தங்கக் கரைசல் மாதுளைச் சாறாகச் சிவக்க வேண்டும். எனக்கோ நாவல்பழ நிறத்தில் கலங்கியது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அப்படித்தான் ஆகும். அதை எந்த உடம்பிலும் ஏற்ற முடியாது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் தங்கம் மிச்சம். வெட்கத்தை விட்டுப் போன் செய்தேன்.

சனிக்கிழமை காலை, சட்டையெல்லாம் கரும்புச் சோகையோடு மொபெட்டில் வந்து இறங்கினார். குடுவையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"குடுவ பரவால்ல சார். காந்தத்த யாரு கழுவுனது?"

கரைசலுக்குள் கிடந்து சுழன்று கலக்குகிற சின்ன வெள்ளைக் காந்தக் குச்சி. அதையெல்லாம் ஒரு சாமான் என்றே நான் நினைத்ததில்லை.

"அதுவுமா கழுவணும்?"

"இன்னா சார் நீங்க! சட்டிய தேச்சிட்டு கரண்டிய அப்டியே வுட்டிருக்கீங்க. போன தபா தங்கம் அதுல ஒட்டிக்கினு கீது."

தங்கத்தையே கரைக்கிற ராஜ திராவகத்தில் இரண்டையும் ஊறவைத்து, ஒரு வார்த்தை திட்டாமல், மதியம் வரை கழுவினார்.

மாலையில் கரைசல் சிவந்தது. பிசின் பூசி, ரத்தத்தில் இருக்கிற அளவுக்கு உப்பு சேர்த்துப் பார்த்தோம். நிறம் மாறவில்லை, துகள்கள் ஒட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் ஸ்கேன் திரையில், கரைசலை ஊற்றி மூடிய எங்கள் சோதனைக் குழாய் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. நான் துள்ளிக் குதித்தேன். எல்லோரும் திரையைப் பார்க்க, பளபளா மட்டும் எந்திரத்திலிருந்து எடுத்த குழாயைப் பார்த்து, "மூடில வெரல் ரேகை சார்" என்று துடைத்தார்.

வெளியே வந்ததும், டீக்கடைக் குழாயடியில் ஒரு கிளாசை நானே கழுவி அவரிடம் நீட்டினேன். வாங்கிக் கவிழ்த்தார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்கேன் அறையில்கூட எனக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.

"ஊத்தச் சொல்லுங்க சார்" என்றார்.

அவருடைய டம்ளர் பையிலேயே கிடந்தது.