அஞ்சு கோடும் நிக்கு, போன்தான் போகல

பொய்யா? ஏட்டி நாகஜோதி, எஞ் சம்பந்திக்குப் பக்கத்து வீட்டுக்காரின்னு நம்பிச் சொன்னா சிரிக்கியே! ஒத்தப் பெட்டிய வச்சு ஒரு தெரு போனையே அமுக்கிப்போட்டவரு எங்க வீட்டு மனுசன்தான்.

எம் மக செல்வலட்சுமிக்கு மொதத் தடவ அஞ்சாம் மாசமே கலைஞ்சு போச்சு. அதுலருந்து அவ சிரிச்சே நான் பாக்கல. இந்தத் தடவ டாக்டரம்மா அசையவே கூடாதுன்னுட்டா. தலப்பிரசவத்துக்கு ராஜபாளையத்துக்கு, எங்க வீட்டுக்குக் கூட்டியாற வழியில்ல. சரி, நான் இங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து இருக்கேன்னேன். டவுன் பஸ்ல செத்த நேரம் கண்ண மூடுனா வந்துரும். இவரு விடல.

"சம்பந்தி வீட்டுல உக்காந்து திங்கப் போறியாட்டி? என் மானம் என்னாகுறது?"

"பிள்ள பயந்து கெடக்காளே."

"போன்லயே தெனம் மொகத்தப் பாரு. நான் வழி பண்ணுதேன்."

பண்ணுனாரு. மில்லுல எலக்ட்ரீசியனா இருந்த தெம்பு. வீட்டுக்குள்ள டவர் செரியா எடுக்கலன்னு, எங்கனயோ போயி சிக்னல் பூஸ்டர்னு ஒரு பெட்டி வாங்கியாந்தாரு. மொட்டமாடியில ஒரு ஏரியல், அதுக்கு நேர் கீழ வீட்டுக்குள்ள இன்னொண்ணு. போன்ல சிக்னல் அஞ்சு கோடும் நெறஞ்சு நிக்கு. பேசத்தான் முடியல. எங்களுக்கு மட்டுமா? அடுத்த வீட்டு நூர்பானுவுக்கு, தெருவுல அம்புட்டுப் பேருக்கும் போகல. இவரு ஏரியலத் திருப்பித் திருப்பிக் கட்டுதாரு. மக கொரலு இல்லாம வீடு எழவு வீடு கணக்கா கெடந்துச்சு.

இவரு கடைக்குப் போயிருந்தப்ப போன் கம்பெனிக்காரத் தம்பி ஒருத்தரு வந்தாரு. மீன்முள்ளு மாதிரி ஏரியலக் கையில புடிச்சு, தெருவெல்லாம் மோப்பம் புடிச்சு, எங்க வாசல்ல வந்து நின்னுட்டாரு.

"ஆச்சி, ஒங்க ரெண்டு ஏரியலும் ஒண்ணு சத்தத்த ஒண்ணு கேட்டுக் கத்துது. அந்தக் கூப்பாட்டுல டவருக்கு வேற யாரு பேசுறதும் கேக்கல. ஆஃப் பண்ணுங்க."

எனக்குச் சட்டுன்னு புரிஞ்சிருச்சு. எங்க அம்மன் கோயில் பொங்கலுக்கு மைக்செட் போட்ட பால்சாமி, மைக்கக் கொண்டுபோயி ஸ்பீக்கருக்கு முன்னாலயே வச்சான். 'கீ'ன்னு ஒரு கத்து! ஆடிக்கிட்டிருந்த சாமியே மலையேறிருச்சு. பொறவு அவன் கோழிக்கடை வச்சு... அது கெடக்கட்டும்.

"தம்பி, அவரு இல்லாம நான் பெட்டியத் தொட்டா வீடு ரெண்டாயிரும். நாளைக்கு வாங்க"ன்னு அனுப்பிட்டேன். தெருக்காரங்க பாவம்தான். ஆனா எனக்கு அந்த ஒரு நாளு வேணும்.

பஸ் ஸ்டாண்டுல போன் எடுக்கும். அங்க போயி மாப்பிள்ளைக்குப் போட்டு, 'போன் போகலன்னு சாக்குச் சொல்லி என்னியக் கூட்டிட்டுப் போங்க'ன்னேன். சொன்னபடியே அன்னிக்குச் சாயங்காலம் விக்னேஷ்வரன் வண்டியில வந்து நின்னாரு.

"மாமா, ஒங்க போன் கெடைக்கவே இல்ல. அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அவ அழுது, சாப்பிடாம கெடக்கா. அத்தைய அனுப்புங்க."

"அஞ்சு கோடு நிக்கே, மாப்ள!"

"கோட்டக் காட்டியா மாமா அவ அழுகைய நிறுத்த?"

இவரு பெட்டியப் பாக்காரு, என்னியப் பாக்காரு. நான் அதுக்குள்ள வண்டியில ஏறிட்டேன்.

மறுநா கம்பெனிக்காரங்க வந்து பெட்டியக் கழட்டிட்டாங்க. தெருவுக்கே சிக்னல் வந்துருச்சு. இவரு போன மடியில வச்சுக்கிட்டு, இருட்டு வீட்டுல ஒத்தையா உக்காந்திருந்தாராம். நூர்பானு சொன்னா. நான்தான் போடவே இல்லயே! பிள்ள பொறந்ததக்கூட மாப்பிள்ளதான் சொன்னாரு. அடுத்த பஸ்சுல இங்க சம்பந்தி வீட்டுல வந்து எறங்குன மனுசன், இன்னும் கெளம்பல.

பிள்ள எடை கம்மி. மக இன்னும் சிரிக்கல. வானமும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு... ஏட்டி, தூத்தல் விழுதுல்ல?

"இந்தாங்க! சம்பந்தியம்மாவுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்தது போதும். நீங்க தொவச்சுப் போட்ட பிள்ளத் துணி நனையுது, உள்ள கொண்டாங்க!"