பெண் பார்க்க வந்தவர் பாலம் தாண்டிய கதை

நிக்டி, புனே
18.11.2003, செவ்வாய்

மதிப்பிற்குரிய மச்சான் ஆறுமுகநயினார் அவர்களுக்கு, மாடசாமி வணங்கி எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை லலிதா, மகள் வைஷு மூவரும் சௌக்கியம். அங்கே உங்கள் சுகத்துக்கும், சந்திரிகா அக்காவின் மூட்டுவலி குறையவும் கோமதியம்மனை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அரும்பாடுபட்டு நீங்கள் கொண்டுவந்த சம்பந்தம் எப்படிக் கைநழுவியது, சாங்வியில் இருக்கும் பிச்சையா நம் வீட்டில் என்ன குறை கண்டார், அவரிடம் நேரிலேயே கேட்டுவிட ரயிலேறவா என்று கேட்டிருந்தீர்கள். ரயிலேற வேண்டாம். 'ரெண்டு வீடும் பேசிக்கிட்டுதான் இருக்கோம்' என்று லலிதா இரண்டு மாதமாக உங்களிடம் போனில் சொன்னது பொய்யுமில்லை. என்ன பேசுகிறோம் என்பதைத்தான் அவள் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆகுர்டி கம்பெனியில் இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவன் நான். வைஷு ஆபீஸ் போனபின் வீட்டில் சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு புதையல் விளையாட்டு இருந்தது. தாடிக்காரன் ஒருவன் மலைக்குள் புகுந்து ஏதோ ராஜாவின் புதையலைத் தேட வேண்டும்; அவனை ஓட வைப்பதும் குதிக்க வைப்பதும் நம் பொறுப்பு. குகை, பாம்பு, முதலைக்குளம் எல்லாம் தாண்டிவிட்டேன். ஒரு தொங்குபாலத்தில் மாட்டிக்கொண்டேன். சக்கரத்தைத் திருப்பினால் எதிர்க்கரையில் கல்கதவு மேலே ஏறும். அது இறங்குவதற்குள் பாலத்தில் ஓடி, அறுந்த இடத்தில் குதித்து, உள்ளே போய்விட வேண்டும். பிரஸ் மெஷினில் நசுங்கியதிலிருந்து என் வலது ஆள்காட்டி விரல் மடங்காது என்பது உங்களுக்குத் தெரியும். குதிக்கிற பட்டனை நான் அழுத்தி முடிக்கும்போது தாடிக்காரன் தண்ணீரில் கிடப்பான். பத்தொன்பது நாள் விழுந்தான். எத்தனை மெஷினை ஓட வைத்தவன் நான், ஒரு கதவு என்னை ஏமாற்றுகிறதே என்று சோறு இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் பிச்சையாவும் அவர் மனைவி கோதையும் மகன் மாதவும் வந்தார்கள். மிலிட்டரி கணக்கு ஆபீசில் இருந்த மனுஷன், கறாரானவர், வார்த்தை பார்த்துப் பேசு என்று நீங்கள் எழுதியிருந்ததால் நான் வார்த்தையே பேசவில்லை. அவரும் பேசவில்லை. இனிப்புச் சுழியமும் காபியும் வந்தன. பையனும் பெண்ணும் பத்து நிமிஷம் தனியாகப் பேசட்டும் என்று பால்கனிக்கு அனுப்பினோம். கோதை அம்மாள் தட்டை வைக்க இடம் தேடி, கம்ப்யூட்டர் மேஜையில் மவுஸைத் தள்ளி வைத்தார். மதியம் நான் அணைக்காமல் விட்டது முழித்துக்கொண்டது. தாடிக்காரன் பாலத்திலிருந்து விழுந்து பெரிதாக அலறினான். கோதை அம்மாள் கையில் இருந்த சுழியம் கீழே போனது.

பிச்சையா அசையாமல் கேட்டார்: "யாரு செத்தது?"

"நம்ம ஆளுதான். பாலத்தைத் தாண்ட மாட்டேங்கான்."

"எத்தன நாளா?"

"பத்தொம்பது நாளா."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியோடு பக்கத்தில் வந்தார். மூன்று முறை விழுந்து காட்டினேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒம்பது எண்ணுததுக்குள்ள கதவு இறங்கிருது. நீரு ஏழுல குதிக்கீரு. ஆறுல குதிக்கணும் வே."

"விரல் மடங்கலியே."

"அப்ப நீரு ஓட்டும். குதிக்கிறத நான் பாத்துக்கிடுதேன்."

பிறகு நான் ஓட்டினேன், அவர் எண்ணினார், குதித்தார். முதலில் சீக்கிரம் குதித்தார். அடுத்தது நான் கோணலாக ஓட்டினேன். "எங்கவே போறீரு, பாலம் இந்தப் பக்கம்லா இருக்கு" என்றார். "சும்மா கத்தாதேயும், தெரியுது" என்றேன் நான். பெண்ணைப் பெற்றவன் இப்படிப் பேசலாமா என்று லலிதா அடுப்படியிலிருந்து கண்ணைக் காட்டினாள். நான் பார்க்கவில்லை. மூன்று தடவை காபி வந்தது. யார் குடித்தார்கள் என்று தெரியாது. ஆறரை மணிக்குத் தாடிக்காரன் உள்ளே விழுந்தான், பின்னாலேயே கதவு மூடியது. இரண்டு பேரும் எழுந்து நின்று கத்திவிட்டோம். சத்தத்தைக் கேட்ட எதிர்வீட்டு மராட்டிக்கார அம்மாள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று எண்ணி, கிண்ணத்தில் சர்க்கரையோடு ஓடிவந்து எல்லார் வாயிலும் போட்டார்.

அப்போதுதான் பால்கனியில் இரண்டு பேர் இருப்பது நினைவு வந்தது. பத்து நிமிஷத்துக்கு என்று அனுப்பி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. மாதவ் தடுமாறின தமிழில், "அங்கிள், நாங்க நல்லா பேசினோம். பட், மேரேஜ் வேண்டாம்னு லக்தா ஹை, தோணுது" என்றான். அவன் அமெரிக்கா போக வேண்டுமாம், இவள் புனேயை விட்டு வர மாட்டாளாம். வைஷுவும் தலையாட்டினாள். எதிர்வீட்டு அம்மாள் மீதிச் சர்க்கரையோடு மெல்ல நகர்ந்துவிட்டார். பிச்சையா நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டார். "சரி, அவுக இஷ்டம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருக்குன்னு மட்டும் பாத்துட்டுப் போயிருவமா?" என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சாப்பாடு முடித்து பஸ் பிடித்து வந்துவிடுகிறார். மச்சான், இந்த ஊரில் இத்தனை வருஷமாக எல்லாரும் என்னை 'சாமி சாப்' என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் நிறைய ஒருத்தரை 'வே' என்று கூப்பிட, திட்ட, திட்டு வாங்க ஆள் கிடைத்தது இப்போதுதான். போன ஞாயிறு புதையலை எடுத்தோம். ஒரு பெட்டி திறந்தது, தங்கம் மின்னியது, உடனே யார் யாருடைய பெயர்களோ இங்கிலீஷில் திரையில் மேலே ஓடின. "இவ்வளவுதானா வே?" என்றார். "அவ்வளவுதான் போலுக்கு" என்றேன். பிறகு அவரே, "மொதல்ல இருந்து ஆரம்பியும்" என்றார்.

ஆகவே அவர்மேல் கோபப்பட்டு எழுதிவிடாதீர்கள். வைஷுவுக்கு வேறு இடம் பாருங்கள். சம்பந்தம் போனாலும் எனக்குக் குறையில்லை, மனது நிம்மதியாக இருக்கிறது. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. பெரியவர்கள் நீங்கள் எங்களை வாழ்த்த வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
மாடசாமி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இன்று வியாழன். ஞாயிறுதோறும் அப்பாவைத் திரும்பக் கூட்டிப்போக மாதவ் பைக்கில் வருவான் என்பதை மேலே எழுதாமல் விட்டேன். எழுதும்படி அதில் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். இருந்திருக்கிறது. வைஷுவும் அவனும் நேற்று ஒன்றாக வந்து நின்று கல்யாணம் செய்துகொள்கிறோம் என்றார்கள். அமெரிக்கா இப்போதைக்கு இல்லையாம். இன்று காலையே பிச்சையா கோதை அம்மாளோடு பழத்தட்டு சகிதம் வந்தார். சட்டையை உள்ளே விட்டிருந்தார். சோபா நுனியில் உட்கார்ந்து, "சம்பந்தி அவர்கள் சௌகரியம்தானே?" என்று கேட்டார். கம்ப்யூட்டரைப் போடவா என்றேன். "இருக்கட்டுங்க, நல்லாருக்காது" என்றார். நானும் மரியாதைக்கு அவர் தோளில் துண்டு போட்டேன். அரைமணி நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். அவர்கள் போனபின் லலிதா, "மகளுக்கு மாப்பிள்ளை கிடைச்சிருக்கு, மூஞ்சிய ஏன் இப்பிடி வச்சிருக்கீய?" என்கிறாள். நீங்கள் உடனே ரயிலேறி வாருங்கள். முகூர்த்தம், சீர் எல்லாம் நீங்களே பேசி முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு வழக்கம்போல நடக்கலாம் என்பதையும் அந்தப் பேச்சிலேயே ஒரு ஓரமாகச் சேர்த்துவிடுங்கள்.