வாப்பா சனியின் வளையத்தைப் பார்த்த விவரம்

தாராவி,
ஞாயிறு, லுஹர் தொழுகைக்கு முன்

அன்புள்ள சைஃப் அண்ணனுக்குத் தங்கை அஸ்ரின் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே வாப்பா, உம்மா, நான் மூவரும் சுகம். அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். போனில் பேசினால் நீ குறுக்குக் கேள்வி கேட்பாயாம். வீடியோவில் வந்தால் முகத்தையே உற்றுப் பார்ப்பாயாம். அதனால் கடிதம்தான் நல்லதாம். லீவில் வந்திருந்த உன் சிநேகிதன் அல்தாப் நாளை மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறோம். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பதால் பெரிது பெரிதாக எழுதுகிறேன். முடித்ததும் வாப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், ஏனென்றால் அவருடைய மூக்குக்கண்ணாடி எங்கேயோ தொலைந்துவிட்டதாம். அது அவர் மூக்கின்மேல்தான் இருக்கிறது. இந்த வரியை மட்டும் வாசிக்க மாட்டேன்.

வாப்பாவின் கண்ணுக்காக லீவு போட்டு வரவா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். வலது கண் நரம்பு காய்ந்துவிட்டது, இடதும் காய்ந்துகொண்டு வருகிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்ற உடனே ஆபரேஷன் வேண்டும். வாப்பா அதற்கு என்ன சொன்னார் என்பது உனக்குத் தெரியாது. அந்த டாக்டரிடம் இருப்பதைவிடப் பெரிய மெஷின் நம் வீட்டில் இருக்கிறதாம். உம்மாவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னார்: "அதுல சனியோட வளையம் தெரிஞ்சா என் கண்ணுல ஒண்ணும் இல்ல, ஆபரேஷனும் இல்ல. தெரியலன்னா நீங்க சொல்ற ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்கிடுதேன்." நான் டிகிரி முடித்ததற்கு நீ பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்த டெலஸ்கோப் இப்படிக் கண் டாக்டர் ஆகிவிட்டது.

அண்ணே, நான் கேட்டது மடியில் வைத்துக்கொள்ளும் அளவில் ஒன்று. கடைக்குக் கூட வந்தது வாப்பா. பட்டறைக்குத் தோல் வாங்கும் இடத்தில் செய்வதைப்போல ஒவ்வொரு குழாயையும் விரலால் தட்டி, முகர்ந்து, தையல் எங்கே என்று தேடினார். வாய் அகலமாக இருந்தால் வெளிச்சம் நிறைய உள்ளே வரும் என்று கடைக்காரர் சொன்னதுதான் தாமதம், "அப்ப இருக்கதுலயே அகலமானத எடு" என்று முடித்துவிட்டார். வெளிச்சம் நிறைய வரும் என்ற சொல் அவரை ஏன் அப்படிப் பிடித்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பெருமைக்கு வாங்குகிறார் என்று நினைத்துக் கூச்சத்தோடு பில் போடும் இடத்தில் தள்ளி நின்றேன்.

சந்துக்குள் அதைத் தூக்கிவந்தவர்கள் வெந்நீர் போடும் கீசர் என்று நினைத்து, கீசர் யார் வீட்டுக்கு, கீசர் யார் வீட்டுக்கு என்று கேட்டுக்கொண்டே வந்ததால் இன்றுவரை நம் சந்தில் அதற்குப் பெயர் கீசர்தான். நம் தோல் கார்கானாவுக்குப் பக்கத்து இரும்பு ஏணியில் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றும்போது அதன் முன்மூடி கழன்று சாக்கடையில் போய்விட்டது. உம்மா தன் சோற்றுச் சட்டி மூடியைக் கொண்டுவந்து வைத்தாள், அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்துவிட்டது. அதிலிருந்து அந்த மூடிக்கு இரண்டு வேலை. சோறு பொங்கும்போது கீழே, மற்ற நேரம் மேலே. தோல் தூசியும் காக்கா எச்சமும் விழும் என்று, நான் ஒரு நிமிஷம் நகர்ந்தாலும் மூடியைப் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது உம்மாவின் சட்டம்.

அந்த மெஷினுக்கு நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். அப்புறம் கிரகத்தின் பெயரை அழுத்தினால் அதுவே திரும்பிப் பார்க்கும். இடம் கேட்டதும் வாப்பா, "மேலப்பாளையம்னு போடு" என்றார். நாற்பது வருஷமாகத் தாராவியில் இருந்தாலும் யார் கேட்டாலும் அவர் சொல்கிற பதில் அந்தச் சொந்த ஊர்தானே. நானும், பௌதிகம் படித்தவள், அப்படியே மேலப்பாளையத்தின் அட்சரேகையைத் தேடி எடுத்துப் போட்டேன். மெஷின் தன்னைத் திருநெல்வேலியில் நிற்பதாக நினைத்துக்கொண்டு எதைக் கேட்டாலும் ஒரு கை தள்ளியே பார்த்தது. நிலாவைக் கேட்டால் பக்கத்து வீட்டு விஜயராணி அக்காவின் தண்ணீர் டாங்கியைக் காட்டியது. அக்கா சண்டைக்கு ஏறி வந்துவிட்டாள். டாங்கியைப் பார்க்கவில்லை, சனியைத் தேடுகிறோம் என்று நான் சொன்னதும் இன்னும் மோசமாகிவிட்டது.

"அது நம்மளப் பாத்திரக் கூடாதேன்னு நான் வாராவாரம் எள்ளு வெளக்குப் போடுதேன். நீங்க மெஷினு வாங்கில்லா அதப் பாக்கீங்க" என்றாள்.

அப்புறம் வாப்பாவுக்குத் தெரியாமல் ஊரை மும்பை என்று மாற்றினேன். மெஷின் உடனே புத்திசாலியாகிவிட்டது. இந்த வரியும் வாசிக்கப்படாது.

நேற்று மஃரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் சனி கிடைத்தது. அண்ணே, நான் பார்த்தேன். சின்ன மஞ்சள் உருண்டை, குறுக்கே ஊசி செருகினதுபோல் ஒரு கோடு. இந்த வருஷம் வளையம் நமக்குத் தன் விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்பதால் அப்படித்தான் தெரியும். மெஷினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால் நான் கீழே இறங்கி, வாப்பாவை ஒவ்வொரு படியாகக் கால் எடுத்து வைக்கச் சொல்லி ஏற்றிக் கூட்டிவந்தேன். உம்மா பின்னால் முதுகைத் தாங்கிக்கொண்டு வந்தாள். வாப்பா குனிந்து இடது கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. உம்மா ஓதிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

பிறகு, "தெரியுது. சாஞ்ச வளையல் மாதிரி. ஜம்முனு இருக்கு" என்றார்.

உம்மா அழுதுவிட்டாள். வாப்பா எல்லோருக்கும் பிரியாணி வாங்கிவரச் சொன்னார். சமையல் கிடையாது என்று அறிவித்துவிட்டு, விஜயராணி அக்காவுக்கும் ஒரு பார்சல் கொடுத்தனுப்பினார். சந்தோஷத்தில் நான் பிளக்கைப் பிடுங்கித் தார்ப்பாயை மேலே போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். ஊசி எனக்கு, வளையல் அவருக்கா என்று ஒரு சின்ன நெருடல். பாடப்புத்தகத்துப் படத்தில்தான் அது சாய்ந்த வளையலாக இருக்கும். அவரவர் கண், அவரவர் மாதிரி என்று விட்டுவிட்டேன்.

ஆகவே நீ லீவு போட வேண்டாம். டிக்கெட் எடுக்க வேண்டாம். ஆபரேஷனும் கிடையாது. வேலையை நல்லபடியாகப் பார், வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் நிற்காதே. உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் கேட்டு வாப்பாவும் உம்மாவும் துஆ செய்கிறார்கள்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை அஸ்ரின்

பின்குறிப்பு: மேலே உள்ளதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லா இருக்கு, ஒட்டிரு" என்று சொல்லிவிட்டுத் தொழப் போயிருக்கிறார். இது அவருக்குத் தெரியாது.

இப்போதுதான் உம்மா சோற்றுக்கு உலை வைத்துவிட்டு மூடி எங்கே என்று கேட்டாள். மாடிக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கினேன். மூடி டெலஸ்கோப்பின் வாயில்தான் இருந்தது. நேற்று வாப்பாவைக் கூட்டிவர இறங்கும்போது பழக்கத்தில் போட்டது நான்தான். எடுக்க மறந்ததும் நான்தான். வாப்பா பார்த்தது வெறும் இருட்டு, அண்ணே. அந்த இருட்டைத் தன் கண் என்று நினைத்துக்கொண்டுதான் அவ்வளவு நேரம் பேசாமல் குனிந்து நின்றிருக்கிறார்.

மூடியை எடுத்துவிட்டு இன்றைக்கு மறுபடியும் காட்டலாம். தெரிந்தாலும் தெரியலாம். தெரியாவிட்டால் அவர் பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. நீ உடனே வா. ஆஸ்பத்திரிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக நீ வேண்டும். நீ வந்து நின்றபின் மூடியை எடுப்போம். அதுவரை அது அங்கேயே இருக்கட்டும். உம்மா சட்டிக்குத் தட்டு போட்டு மூடிவிட்டாள். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.