கிளிக் சாரின் சிந்தனை நேரம்

கிளிக் வாத்தியார் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சரித்திரம் நடத்துகிறவர்தான், ஆனால் புத்தகத்தைத் தொட்டால் பாவம் என்று நினைப்பவர். கழுத்தில் வயர், கக்கத்தில் லேப்டாப், கையில் ஸ்பீக்கர், பல்லிடுக்கில் பென்டிரைவ் என்று வீடு மாறுகிறவரைப் போல வகுப்புக்குள் நுழைவார். ஜன்னலைச் சாத்தச் சொல்வார், விளக்கை அணைக்கச் சொல்வார், "யாருப்பா ஃபேனைப் போட்டது? திரை ஆடுது பாரு!" என்று அதையும் நிறுத்துவார். பிள்ளைகள் வியர்த்து வழிய, திரையில் யானைகள் பிளிற, அரண்மனைக் கதவு சுழன்று சுழன்று வந்து நிற்க, சரித்திரம் ஆரம்பமாகும். எந்த ராஜா, எதற்காகச் சண்டை? அதெல்லாம் யாருக்கு வேண்டும்! யானை தத்ரூபமா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

நான் கணக்கு வாத்தியார். எங்கள் பள்ளிக்கூடத்து கிளிக் சார் என்னைப் பார்த்தாலே பரிதாபப்படுவார். "இந்த சாஃப்ட்வேர் பிள்ளைங்களை யோசிக்க வைக்கும் சார். நாம யோசிக்கவே வேண்டாம்!" வீட்டில் மனைவி "என்ன சமைக்கட்டும்?" என்றால்கூட "நாலு ஆப்ஷன் குடு" என்பாராம்.

ஒருநாள் தலைமையாசிரியை அவர் வகுப்பைப் பார்க்க வந்தார். பிடித்துப்போனால் பள்ளிக்கூடம் முழுக்க இந்த சாஃப்ட்வேர், கிளிக் சார்தான் பொறுப்பாளர். பிடிக்காவிட்டால் எல்லாம் ஸ்டோர் ரூமுக்கு. மனுஷன் ஒரே வயரைப் பத்துத் தடவை பிடுங்கிச் செருகினார். வேடிக்கை பார்க்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

திரையில் பளபளவென்று வந்தது: 'சிந்தனை நேரம்! கோட்டை ஏன் விழுந்தது?' கீழே நாலு விடை. சரியானதைக் காட்ட வேண்டிய நேரத்தில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒரு பெண் எழுந்தாள். "சார், மதில் நல்லாத்தானே இருந்துச்சு? உள்ள சோறு தண்ணி தீர்ந்திருக்கும். காவல்காரனே கதவைத் திறந்து விட்டிருப்பான்."

"அது எப்படிடி? மாட்டினா தலை போயிடுமே!" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"பசியில சாகப்போறவனுக்குத் தலை போனா என்ன, இருந்தா என்ன?"

அவ்வளவுதான், வகுப்பே இரண்டு கட்சியாகிவிட்டது. கிளிக் சார் பதறிப்போனார்.

"ஷ்! சிந்தனை நேரத்துல யாரு பேசறது? நாலு விடை இருக்கில்ல? நாலுக்குள்ள யோசிங்க!"

"இருங்க சார்," என்றார் தலைமையாசிரியை. "அந்தப் பொண்ணு சொன்னது சரியா தப்பா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

கிளிக் சார் திரையைப் பார்த்தார். தலைமையாசிரியையைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"இன்னும் லோடு ஆகலை மேடம்."

மறுநாளே எல்லாம் ஸ்டோர் ரூமுக்குப் போனது. அந்த அம்மாவுக்கு டெக்னாலஜியே தெரியாது என்று இன்றைக்கும் புலம்புகிறார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் கோட்டை ஏன் விழுந்தது என்று நீங்கள் ஒரு நொடியாவது யோசித்தீர்களா? இல்லை, சரியான விடையை நான் எப்படியும் சொல்லிவிடுவேன் என்று இந்த வரிக்குக் கீழே தேடுகிறீர்களா, கிளிக் சார்?