கார்செட்டாரும் நந்தி மலையும்

கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று கேட்டுக்கொண்டு மூச்சு விட்ட ஒரே மனிதர், எங்கள் ஆபீஸ் சீனியர் கிளார்க் கார்செட்டார்தான்.

சுதந்திரம் வந்த புதிதில், சீமைக்குத் திரும்பிய ஒரு துரைசானியின் சாமான்கள் வெள்ளைக்காரர்கள் குடியிருந்த பெங்களூர் தண்டுப் பகுதியில் ஏலத்துக்கு வந்தன. இடுப்பை இறுக்கும் கார்செட் ஒன்றை இவர் முதுகுவலிக்கென்று எடுத்தார். முதுகுவலி சுத்தப் பொய். சட்டைக்குள் அதைக் கட்டிவிட்டால் அவர் தொப்பையைப் போலீஸ் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

"மேல போகப் போக வயிறு ஊதும்பா. ஆயிரம் அடிக்கு ஒரு ஓட்டை லூஸ் விடணும். நம்ம ஊரு மூவாயிரம், அதனால மூணு ஓட்டை" என்பார். மேனேஜரைப் பார்க்க மாடி ஏறும்போதுகூட, "அரை ஓட்டை விடு" என்பார். நாடா முதுகுப் பக்கம். அவர் பிரம்மச்சாரி. ஆகவே கட்டுவதும் அவிழ்ப்பதும் பக்கத்து மேஜைக்காரனான என் தலையில் விழுந்தது. ஆபீஸில் வேறு யாருக்கும் தெரியாது; கார்செட்டார் என்பது என் மனசுக்குள் நான் வைத்த பெயர்.

சூப்பர்வைசர் நாற்காலி காலியானது. அவர் ரிட்டயராக ஒரே வருஷம். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. சீனியாரிட்டியில் அவருக்கு அடுத்து நான். மேனேஜருக்குத் தொப்பை என்றாலே ஆகாது. "வயித்தையே அடக்கத் தெரியாதவன் ஸ்டாஃபை எப்படிய்யா அடக்குவான்?" என்று கேட்கிற ஆள், நாற்காலி யாருக்கு என்று முடிவுசெய்ய எங்களை நந்தி மலைப் படியேறக் கூட்டிப்போனார்.

அடிவாரத்துப் புதர் மறைவில் நாடாவைக் கட்டினேன். "ஃபைல் முடிச்சு போட்டுடாதேப்பா. இழுத்தா அவுர்ற சுருக்கு போடு" என்றார். நான் போட்டது ஃபைல் முடிச்சு.

பாதி மலையில், "நாலாயிரம் வந்தாச்சு, ஒண்ணு விடு" என்றார். நகத்தால் இழுத்தேன், பல்லால் கடித்தேன். முடிச்சு அசையவில்லை. கத்தரிக்காய் நிறத்து முகத்தோடு உச்சிக்கு வந்து சேர்ந்தார்.

"சபாஷ்யா! இந்த வயசுல சக்கத்தா ஏறிட்டீரே. நீர்தான்யா சூப்பர்வைசர்!" என்று மேனேஜர் கை நீட்டினார். நன்றி சொல்லக் கார்செட்டார் மூச்சை இழுத்தார். படார்! நாடா அறுந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மேனேஜரின் மூக்குக்கண்ணாடியில் போய் விழுந்தது. இத்தனை வருஷம் ஒளிந்திருந்த தொப்பை மொத்த ஆபீஸுக்கும் தரிசனம் தந்தது.

"என்னய்யா கர்மம் இது? யார் கட்டிவிட்டது?"

கார்செட்டார் என்னைப் பார்த்தார். "நானேதான் கட்டிக்கிட்டேன் சார்."

தன் முதுகில் தானே எப்படி முடிச்சுப் போட முடியும் என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலி எனக்கு வந்தது. கைப்பழக்கத்தில் ஃபைல் முடிச்சாக விழுந்துவிட்டது என்று கார்செட்டாரிடம் சொன்னேன். "பரவால்ல விடுப்பா" என்றார்.

ரிட்டயரான அன்று அந்தக் கார்செட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். புது நாடா கோத்து, இழுத்தால் அவிழும் சுருக்கு ஒன்றும் போட்டிருந்தார். இப்போது எனக்கும் தொப்பை வந்துவிட்டது. ஆனால் அவர் போட்ட அந்தச் சுருக்கை இழுக்க எனக்கு மனம் வரவில்லை.