பிசின் மிஸ்ஸும் வெள்ளித் துகளும்

மனிதரைக் களைப்பாக்குவதில் பிசின் மிஸ்ஸை வெல்ல மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆள் பிறக்கவில்லை. செங்கலடிப் பக்கத்து ஆய்வுகூடமொன்றில் அவர் ஆராய்ச்சியாளர், நான் உதவியாளர். தேனீக்கள் கூட்டின் வெடிப்புகளை அடைக்கும் பிசினின் சாற்றை வெள்ளி உப்புக் கரைசலில் கலந்து, கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் செய்வார். புண்ணில் வளரும் கிருமிகளை அவை கொல்லுமா என்பதுதான் ஆராய்ச்சி.

பிசின் தேடி என்னை ஸ்கூட்டரில் ஏற்றி ஊர் ஊராக அலைவார். ஏறாவூரில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கட சுவருக்குள்ள கொசுத்தேனீ கிடக்காம், கொஞ்சம் உடைக்கலாமா?" என்று கேட்டார்.

வீட்டுக்கார உம்மா என்னிடம், "இந்தப் புள்ளைக்குச் சுகமில்லையா, தம்பி?" என்றார்.

சுவரை உடைத்தது மிஸ். திரும்பப் பூசியது நான்.

கரைசல் மஞ்சளிலிருந்து கபில நிறமானால் துகள் பிறந்துவிட்டதாக அர்த்தம். அதுவரை தும்மினாலும் குற்றம். கரைசல் பட்டுப் பட்டு என் விரல்கள் கறுத்துவிட்டன. ஒரு கலியாணப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

எத்தனையோ தடவை பிழையாகிப் போன பிறகு, ஒருநாள் கிருமி வளர்த்த தட்டில் சொட்டு விட்ட இடத்தைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழுந்தது.

"அண்ணன், செத்திட்டு! எல்லாம் செத்திட்டு!" என்று மிஸ் கத்த, அடுத்த அறையிலிருந்து இரண்டு பேர் துக்கம் விசாரிக்க ஓடிவந்தார்கள்.

எனக்கு நீரிழிவு. காலின் சுண்டுவிரலில் ஆறாத புண். கால் போய்விடுமோ என்ற பயத்தை வீட்டிலும் சொல்லவில்லை. அன்று கேட்டுவிட்டேன்.

"மிஸ், அதில ரெண்டு சொட்டு என்ட புண்ணில விடுங்களன்."

அவர் போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "ஏலாது அண்ணன். தட்டில கிருமி செத்தா அது மருந்தாகிடாது. உங்கட தசைய அது என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியா."

"இவ்வளவு மாரடிச்சும் எனக்கில்லையா?"

"உங்களுக்கெண்டபடியாத்தான் ஏலாது."

கோபத்தோடு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை படலையில் ஸ்கூட்டர் ஹோர்ன். "ஏறுங்க, ஆஸ்பத்திரிக்கு."

மருந்து கட்டும் நாளெல்லாம் அவரே கூட்டிப்போனார். காயம் சுற்றும் தாதியிடம் தேனீப் பிசினின் மகிமையைச் சொல்லிச் சொல்லி வரிசையையே நகரவிடாமல் நிற்க வைத்தார். கடைசியில் சுண்டுவிரல் போயிற்று, கால் மிஞ்சியது.

மிஸ்ஸின் மருந்து இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை. சோதனைகள் முடிந்தபாடில்லை. எனக்கு ஓய்வுபெற ஒரு வருடம்தான் இருக்கிறது. அவர் கேட்டால், இன்னும் ஒரு வருடம் இருந்துவிடலாம்.