ஐம்பது நிமிஷ மாப்பிள்ளை

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். எல்லோரும் நலமா என்று கேட்பதுதான் முறை. கோழிகள் நலமில்லை என்பது எனக்கே தெரியும் என்பதால் உங்களையும் மாமாவையும் மட்டும் விசாரிக்கிறேன்.

திங்கட்கிழமை நீங்கள் செத்த கோழியைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் மேஜையைத் தாண்டி நேராக அந்தப் புது மெஷின் அறைக்குப் போய்விட்டீர்கள். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. ஏசி அறை, அளவெடுத்துத் தைத்த உறை, செருப்போடு யாரும் உள்ளே போகக் கூடாது, அதிகாரி வந்தால் அதன் பக்கத்தில் நின்றுதான் போட்டோ. என் அறையில் மின்விசிறியைக்கூடப் போட முடியாது. தூசி பறந்து கிருமி வளர்க்கும் தட்டில் விழுந்தால் வேண்டாத கிருமியெல்லாம் முளைத்துவிடும். கோழியின் ஈரலை எடுத்துத் தட்டில் தடவினால் கிருமி முளைக்க ஒரு நாள், எந்த மருந்துக்கு அது சாகுதுன்னு பார்க்க இன்னொரு நாள் நான் காத்திருக்கணும். மாப்பிள்ளை ஐம்பதே நிமிஷத்துல கோழி டைபாய்டு கிருமின்னு பேரைச் சொல்லிட்டார். உடனே நீங்க எல்லார் முன்னாடியும், "நம்ம குடும்பத்துல பட்டம் வாங்கினது நீ ஒருத்திதான். நீ ரெண்டு நாள் கேட்கிற, அது டீ ஆறுறதுக்குள்ள சொல்லிடுச்சே. அது என்னம்மா படிச்சிருக்கு?"ன்னு கேட்டீங்க. உதவியாளர் அக்கா சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் போய் ரொம்ப நேரம் கை கழுவினேன்.

பேரைச் சொன்னா போதுமா அத்தை? அது எந்த மருந்துக்கு அடங்கும்னு மாப்பிள்ளைக்குத் தெரியாது. எங்க கால்நடை டாக்டர் அனுபவத்துல ஒண்ணு எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். மிச்சமிருந்த ஈரலை வச்சு நான் யாருக்கும் சொல்லாம தட்டு போட்டிருக்கேன். தினம் நாலு கோழி சாகுதுன்னு தெரியும். இருந்தாலும் என் தட்டு வாயைத் திறக்கிற வரைக்கும் அந்த மருந்தைத் தண்ணியில கலக்காதீங்க. மருந்து தப்புன்னு வந்தா நான் அந்த ஏசி அறைக்குப் போய், உறையை விலக்கி, அது முன்னாடியே சொல்லிட்டு வரணும். எழுதினது டாக்டர்தான், மெஷின் இல்லைன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும்.

மாமாவுக்கு என் வணக்கம். நோயில்லாத கோழிகளைத் தனியாக அடையுங்கள். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: எழுதி முடித்துவிட்டுப் போய்த் தட்டைப் பார்த்தேன். மாப்பிள்ளை சொன்ன அதே கிருமி. டாக்டர் எழுதிய மருந்தை வைத்த இடத்தைச் சுற்றி, கோட்டுப் பொத்தான் அகலத்துக்கு ஒன்றுமே முளைக்கவில்லை; மருந்து சரிதான். பதறிப்போய் உங்களுக்குப் போன் செய்து மருந்தைக் கலக்கச் சொன்னேன். திங்கட்கிழமை சாயங்காலமே கலந்தாயிற்று, இன்று ஒன்றும் சாகவில்லை என்றீர்கள். ஆகவே மேலே எழுதிய எதுவும் இனி தேவையில்லை. பிறகு ஏன் அனுப்புகிறேன் என்றால், அன்று நீங்கள் கேட்டதைப் பற்றிப் போனில் பேச எனக்கு வாய் வரவில்லை.